28 பாட்டு ஒரே ஆல்பத்துல… ஸ்மாஷிங் பம்ப்கின்ஸுக்கு அது தேவையா இருந்துச்சா?

இரவுப்பறவை:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா ஸ்மாஷிங் பம்ப்கின்ஸ்ங்கற அமெரிக்க ராக் பேண்டோட "1979" பாட்டு மட்டும் ப்ளேலிஸ்ட்ல சுத்திக்கிட்டு இருந்துச்சு, அதை எத்தனை தடவை கேட்டாலும் சலிக்கல, சரி முழு ஆல்பத்தையும் கேட்டுடலாம்னு "மெலன் கோலி அண்ட் தி இன்ஃபினிட் சாட்னஸ்" போட்டா 28 பாட்டு, ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஓடுது. முதல்ல பியானோ, அப்புறம் வயலின் கூட்டம், அடுத்ததே காதுல ஆணி அடிக்கிற மாதிரி கிட்டார், அதுக்கப்புறம் தாலாட்டு. நடுவுல ஒரு இடத்துல இது ஒரே பேண்டுதானா இல்ல ஆப் வேற ஆல்பத்துக்குத் தாவிடுச்சான்னு ஸ்க்ரீனைப் பார்த்தேன்.

எனக்கு ரெண்டு விஷயம் தெரியணும். 1995-ல இவங்க எதுக்கு இவ்வளவு பெருசா ஒண்ணு பண்ணாங்க? வெளியான நேரத்துல ஜனங்க இதை எப்படி எடுத்துக்கிட்டாங்க? நெட்டுல தேடினா ஒருத்தர் மாஸ்டர்பீஸ்ங்கறாரு, இன்னொருத்தர் பேண்டோட பாடகர் பில்லி கோர்கனுக்குத் தலைக்கனம்ங்கறாரு. இங்க இதை ஊறி ஊறிக் கேட்டவங்க இருப்பீங்க, கொஞ்சம் சொல்லுங்க.

---

ட்ராக்24:

தலைக்கனம் இருந்துச்சுதான், இல்லைன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. அவரே பேட்டியில பிங்க் ஃப்ளாய்டோட "தி வால்" மாதிரி தன்னோட தலைமுறைக்கு ஒண்ணு பண்றேன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சவரு. ஆனா இந்த ஆல்பம் எப்படி உருவாச்சுன்னு தெரிஞ்சா, ஏன் இவ்வளவு நீளம்ங்கறதுக்கு வேற ஒரு பதில் கிடைக்கும்.

இதுக்கு முன்னாடி 1993-ல "சயமீஸ் ட்ரீம்". ப்ரொட்யூசர் புட்ச் விக். அதுல கிட்டாரும் பேஸும் பெரும்பாலும் கோர்கனே வாசிச்சு வாசிச்சு அடுக்கினாரு. கிட்டாருக்கு ஜேம்ஸ் ஐஹாவும் பேஸுக்கு டார்சியும் பேண்டுல இருக்காங்க, ஆனா ஸ்டுடியோல அவங்களுக்குப் பெருசா வேலை இல்ல. ட்ரம்மர் ஜிம்மி சேம்பர்லினுக்குப் போதைப் பிரச்சனை, அவர சிகாகோ சகவாசத்துலேந்து பிரிச்சு வைக்கணும்ங்கறதும் ஒரு காரணமா ஜார்ஜியா மாநிலத்துக்குப் போய் ரெக்கார்ட் பண்ணாங்க. பட்ஜெட் எகிறிப் போச்சு. ஆல்பம் ஹிட், ஆனா நாலு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பார்க்க முடியாத நிலைமை.

அடுத்ததுக்கு கோர்கன் புட்ச் விக்கை விட்டுட்டு ஃப்ளட், ஆலன் மோல்டர்னு ரெண்டு ப்ரொட்யூசரைக் கூட்டிட்டு வந்தாரு. புட்ச் விக்கோட சண்டை எல்லாம் இல்ல, ரொம்பப் பழகிட்டோம், இனிமே அவர் நம்மள உலுக்க மாட்டாருங்கற கணக்கு. ஃப்ளட் யாருன்னா யூ2, டெபஷ் மோட், நைன் இன்ச் நெயில்ஸ் கூட எல்லாம் வேலை பார்த்தவரு. அவர் பம்ப்கின்ஸை மேடையில பார்த்துட்டு, மேடையில இருக்கிற இந்த பேண்டு உங்க ரெக்கார்டுல எங்கய்யா இருக்குன்னு கேட்ட மனுஷன். அதனால முதல்ல பெரிய ஸ்டுடியோக்கே போகல. சிகாகோல அவங்க ப்ராக்டீஸ் பண்ற இடம், அதுக்கு பம்ப்கின்லேண்டுன்னு பேரு, அங்கயே மைக்கை வச்சு நாலு பேரையும் சேர்ந்து வாசிக்க விட்டாரு. சும்மா டிராஃப்ட்டுக்குன்னு எடுத்தது, ஆனா அதுல வந்த ட்ரம்ஸும் பேஸும் அவ்வளவு உயிரா இருந்ததால நிறைய இடத்துல அதையே ஆல்பத்துல வச்சுக்கிட்டாங்க. தினமும் கொஞ்ச நேரம் ஜாம் பண்ணணும், பாட்டு எழுதணும்னு அவர் ஒரு சட்டமே போட்டு வச்சிருந்தாரு.

அப்புறம் ஸ்டுடியோக்குப் போனப்ப ரெண்டு ரூம். ஒண்ணுல கோர்கனும் ஃப்ளட்டும் உட்கார்ந்து பாடறது, அரேஞ்ச் பண்றது, இன்னொண்ணுல ஐஹாவும் டார்சியும் மோல்டர் கூட. முன்னாடி மாதிரி கோர்கன் முடிக்கிற வரைக்கும் மத்தவங்க சோஃபால படுத்துக்கிட்டு நகத்தைக் கடிக்க வேண்டியதில்ல. 1995 மார்ச்ல ஆரம்பிச்சு ஆகஸ்ட்ல முடிச்சிட்டாங்க, கடைசி வேலைகள் லாஸ் ஏஞ்சலஸ்ல. இந்த அளவுக்கு மெட்டீரியல் இருக்கிற ஆல்பத்துக்கு அது ரொம்பக் கம்மி நேரம். கோர்கன் கொண்டு வந்தது ஐம்பதுக்கும் மேல பாட்டு, அதுல வடிகட்டினதுதான் இந்த 28.

என் கட்சி என்னன்னா, ரெண்டு ரூம்ல ஒரே நேரத்துல வேலை நடந்ததாலதான் இது ரெண்டு டிஸ்க் ஆச்சு. ஒரு ஆளோட மண்டைக்குள்ள இருந்து மட்டும் வந்திருந்தா "சயமீஸ் ட்ரீம்" மாதிரி ஒரே டிஸ்க்ல ஒரே கலர்ல இருந்திருக்கும். முதல் டிஸ்க் கடைசியில "டேக் மீ டவுன்" ஐஹா எழுதி அவரே பாடினது, ரெண்டாவது டிஸ்க் கடைசிப் பாட்டுல நாலு பேரும் மாத்தி மாத்திப் பாடறாங்க, ஜிம்மி சேம்பர்லின் உட்பட. ஆளுக்கொரு இடம் குடுத்தா நீளத்தான் செய்யும்.

---

சுருக்கமா_சொல்லு:

ட்ராக்24 தலைவரே, நீங்க சொன்ன கதை எல்லாம் கரெக்ட், ஆனா எப்படி சமைச்சாங்கங்கறதுக்காக நான் ரெண்டு தட்டு சாப்பிட முடியாது. இது ஒரே டிஸ்க்கா, ஒரு 15 பாட்டோட வந்திருந்தா தொண்ணூறுகள்ல வந்த ராக் ஆல்பத்துலயே தலையில வச்சுக் கொண்டாட வேண்டிய ஒண்ணா இருந்திருக்கும். இப்ப என்ன ஆகுதுன்னா முதல் டிஸ்க் புயல் மாதிரி போகுது, ரெண்டாவதுல பாதி வரைக்கும் ஓகே, "எக்ஸ் ஒய் யூ" முடிஞ்சதும் வரிசையா அஞ்சு பாட்டு மெதுவா மெதுவா மெதுவா… "லில்லி" எல்லாம் யாரு கேட்டா?

அந்தக் காலத்துலயே இதைத்தான் சொன்னாங்க. ரோலிங் ஸ்டோன்ல அஞ்சுக்கு மூணு ஸ்டார்தான். கோர்கன் பாட்டு வரிகள்ல ஒரே புலம்பல்னு நிறைய பேர் கிண்டல் அடிச்சாங்க, கூண்டுக்குள்ள எலின்னு கத்தற அந்த "புல்லட் வித் பட்டர்ஃப்ளை விங்ஸ்" மெட்டு எவ்வளவு சூப்பரோ வரி அவ்வளவு சின்னப்புள்ளத்தனம்னு எனக்கும் தோணும். டைம் பத்திரிகை ஒரேடியா தூக்கி வச்சுக் கொண்டாடுச்சு, அதையும் சொல்லிடறேன், இல்லன்னா சண்டைக்கு வருவீங்க.

அப்புறம் இந்த டைமண்ட் சர்டிஃபிகேட் கதைய யாராவது எடுத்துட்டு வருவீங்கன்னு தெரியும், முன்னாடியே சொல்லிடறேன். அமெரிக்காவுல ஒரு கோடி கணக்கு காட்டுறது உண்மை, ஆனா டபுள் ஆல்பத்துல ஒவ்வொரு டிஸ்க்கையும் தனித்தனியா எண்ணுவாங்க. ஒருத்தன் ஒண்ணு வாங்கினா கணக்குல ரெண்டு. அதாவது வித்தது சுமார் 50 லட்சம் செட். அதுவே பெரிய நம்பர்தான், எதுக்கு ஊதிப் பெருசாக்கணும்.

---

கிட்டார்_கிறுக்கன்:

@சுருக்கமா_சொல்லு "லில்லி"ய கேக்கற ஆள் நான் இருக்கேன் ஜி 😄

சவுண்டு பத்தி யாரும் பேசலையே, நான் பேசறேன். இதுல கிட்டாரை அரை ஸ்ருதி இறக்கி ட்யூன் பண்ணியிருக்காங்க, அதனாலதான் ஹெவி பாட்டுல எல்லாம் அந்த வயித்துக்குள்ள இறங்கற கனம். "ஜீரோ" எடுத்துக்கோங்க, அந்த ரிஃப்ல, அதாவது திரும்பத் திரும்ப வர்ற கிட்டார் துண்டுல, ரிதம் கிட்டாரே ஆறு அடுக்கு, அதுல ரெண்டு வந்து 12 கம்பி அகூஸ்டிக். ஹெட்ஃபோன்ல உத்து கேட்டீங்கன்னா டிஸ்டார்ஷனுக்கு அடியில ஒரு கம்பி கிணுகிணுப்பு தனியா ஓடும், அது இந்த அகூஸ்டிக். வீட்டுல ஒரே ஒரு எலெக்ட்ரிக்கை வச்சுக்கிட்டு அந்த ரிஃப்பை அடிச்சா நோட்டு எல்லாம் சரியா இருக்கும், ஆனா அந்தப் பாட்டு மாதிரியே இருக்காது, ஏன்னு மண்டைய உடைச்சுக்கிட்டவங்களுக்கு இதுதான் விடை. "த்ரூ தி ஐஸ் ஆஃப் ரூபி"ல சுமார் 70 கிட்டார் ட்ராக். எழுபது!! அதே ஆல்பத்துல "ஸ்டம்ப்லீன்" வெறும் ஒரு அகூஸ்டிக்கும் குரலும். "க்யூபிட் டி லாக்"ல தாளத்துக்கு கத்தரிக்கோலும் உப்பு டப்பாவும் ஆட்டியிருக்காங்க, நெசமாத்தான்.

ஆனா என்னைக் கேட்டா இந்த ஆல்பத்தோட ஹீரோ கோர்கன் இல்ல, ஜிம்மி சேம்பர்லின். ஜாஸ் கேட்டு வளர்ந்த கை அது. "டுநைட், டுநைட்"ல முப்பது பேர் வயலினும் செல்லோவும் வாசிக்கறாங்க, சிகாகோ சிம்ஃபனி ஆட்கள், அதைக் கேட்டு எல்லாரும் ஆஹாங்கறாங்க. ஒரு தடவ வயலினை மறந்துட்டு ஸ்னேர் ட்ரம்மை மட்டும் ஃபாலோ பண்ணுங்க. மிலிட்டரி பரேடு மாதிரி உருட்டிக்கிட்டே இருப்பாரு, ஒரு இடத்துலயும் சும்மா பீட்டு போட மாட்டாரு, அந்த உருட்டல் மட்டும் இல்லன்னா அது கல்யாண வீடியோவுக்குப் போடற சோகப் பாட்டா முடிஞ்சிருக்கும். "ஜெல்லிபெல்லி"யும் "பாடீஸ்"ம் கேட்டுட்டு நம்ம ஊரு ட்ரம்மர் ஃப்ரெண்டு ஒருத்தன் ஸ்டிக்கை கீழ வச்சுட்டான்.

---

இரவுப்பறவை:

அடேங்கப்பா, இவ்வளவு எதிர்பார்க்கல. நன்றி எல்லாருக்கும். கத்தரிக்கோல் பாட்டை உடனே போய் கேட்டேன், ஆமா கிச்சு கிச்சுன்னு இருக்கு!

ஒரு டவுட்டு. "1979" மட்டும் எப்படி மத்த எல்லாத்துலேந்தும் தனியா நிக்குது? அதுல கிட்டார் மலையும் இல்ல, ஜிம்மியோட உருட்டலும் இல்ல. பின்னாடி சேர்த்ததா?

---

ட்ராக்24:

ஆமா, இந்த ஆல்பத்துக்குக் கடைசியா எழுதின பாட்டே அதுதான், கிட்டத்தட்ட குப்பைக்குப் போயிருக்க வேண்டியது. அரைகுறையா இருந்தப்ப ஃப்ளட் கேட்டுட்டு இது தேறாது, விட்டுடலாம்னுட்டாரு. கோர்கனுக்கு ரோஷம் பொத்துக்கிட்டு வந்து, வீட்டுக்குப் போய் நாலு மணி நேரத்துல முடிச்சு டெமோ எடுத்துட்டாரு. மறுநாள் ஃப்ளட் ஒரே தடவ கேட்டுட்டு ஆல்பத்துல வைன்னு சொல்லிட்டாரு. ட்ரம் மெஷின், லூப், கோர்கனோட குரலையே வெட்டி ஒட்டி பண்ணின அந்த "ஊ" சத்தம், இதெல்லாம் வச்சுப் பண்ணினது, அதனாலதான் பேண்டு மாதிரி கேக்காது. மூணு வருஷம் கழிச்சு 1998-ல "அடோர்"னு எலெக்ட்ரானிக் பக்கம் போனாங்களே, அதுக்கு விதை இங்கேயே இருக்கு.

பாட்டு அமெரிக்க ஹிட் லிஸ்ட்டான பில்போர்டு ஹாட் 100-ல 12-ம் இடம் வரைக்கும் போச்சு. வீடியோவுக்கும் ஒரு கூத்து நடந்துச்சு. டைரக்டர்கள் ஜோனதன் டேட்டன், வேலரி ஃபாரிஸ் ஜோடி, பின்னாடி படம் எல்லாம் எடுத்தவங்க. ஷூட்டிங் முடிச்சு டேப்பை யாரோ கார் மேல வச்சுட்டு அப்படியே வண்டிய எடுத்துட்டாங்க, டேப் போயே போச்சு, பார்ட்டி சீனை மட்டும் திரும்ப எடுத்தாங்க.

அதே ஜோடிதான் "டுநைட், டுநைட்" வீடியோவும் பண்ணாங்க. 1902-ல ஜார்ஜ் மெலியஸ் எடுத்த நிலாவுக்குப் போற ஊமைப்படம் இருக்குல்ல, நிலா கண்ணுல ராக்கெட் குத்தி நிக்குமே, அந்த ஸ்டைல்ல அட்டை செட்டு, பேப்பர் மீன், ஆக்டோபஸ்னு. அதுல ஹீரோவா வர்றவர் டாம் கென்னி, ஸ்பாஞ்ச்பாப் கார்ட்டூனுக்குக் குரல் குடுக்கறவரு! 1996 எம்டிவி விருதுல வருஷத்தோட சிறந்த வீடியோ உட்பட அது ஒண்ணுக்கே ஆறு. கிராமியில ஏழு நாமினேஷன், கைக்கு வந்தது "புல்லட்"டுக்கு ஹார்ட் ராக் விருது மட்டும். ஆல்பம் ஆஃப் தி இயர் செலின் டியோன் எடுத்துட்டுப் போயிட்டாங்க. அது இன்னமும் வயித்தெரிச்சல்.

---

எல்பி_பெட்டி:

லேட்டா வர்றேன். ரெண்டாவது டிஸ்க் கடைசி இழுக்குதுன்னு சுருக்கமா_சொல்லு சொன்னதுக்கு ஒரு விஷயம் சேர்க்கலாம்னு.

சிடி வாங்கினவங்களுக்கு ரெண்டு டிஸ்க், ஒண்ணு விடியல்லேந்து அந்தி வரைக்கும், இன்னொண்ணு அந்தியிலேந்து நட்சத்திரம் வரைக்கும்னு பேரு. ஆனா 1996-ல வந்த ஒரிஜினல் வினைல்ல மூணு ரெக்கார்டு, ஆறு பக்கம், ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு பொழுது: விடியல், டீ டைம், அந்தி அப்படியே போய் நடுராத்திரி, கடைசில நட்சத்திர வெளிச்சம். டீ டைமைப் பார்த்து எனக்கு ஒரே சிரிப்பு. முக்கியமானது என்னன்னா பாட்டு வரிசையே மொத்தமா வேற. கூடவே ரெண்டு பாட்டு எக்ஸ்ட்ரா, ஆக 30. சிடியில நாலா பக்கமும் தெறிச்சுக் கிடக்கற முரட்டுப் பாட்டுல பல, "ஜீரோ", "எக்ஸ் ஒய் யூ" எல்லாம், நடுராத்திரி பக்கத்துல ஒண்ணா வந்து உட்கார்ந்திருக்கும். "1979" ஒரு பக்கத்தோட முதல் பாட்டா வரும். நீங்க மெதுவா மெதுவான்னு திட்டின பாட்டுகளும் ரெண்டு பக்கமா பிரிஞ்சு போயிடும், இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவ எந்திரிச்சுப் போய் ரெக்கார்டைத் திருப்பணும்ங்கறதால களைப்பே தெரியாது. 28 பாட்டு ஜாஸ்திங்கறவங்க அந்த வரிசையில ப்ளேலிஸ்ட் போட்டு, பக்கம் பக்கமா கேட்டுப் பாருங்க. எனக்கு இது நீளத்தோட பிரச்சனையா தெரியல, அடுக்கின விதத்தோட பிரச்சனை.

அட்டைப்படம் பத்தியும் ஒரு வார்த்தை. நட்சத்திரத்துக்குள்ளேந்து எட்டிப் பார்க்கற அந்தப் பொண்ணு யாருன்னு நிறைய பேர் தேடியிருப்பீங்க, அப்படி ஒரு பொண்ணே இல்ல. ஜான் க்ரெய்க்ங்கற ஓவியர் ஒட்டுப்போட்டுப் பண்ணினது, முகம் க்ரூஸ்ங்கற பிரெஞ்சு ஓவியரோட படத்துலேந்து, உடம்பும் துணியும் ரஃபேல் வரைஞ்ச செயின்ட் கேத்தரின்கிட்டேந்து. உள்ள புக்லெட்ல இருக்கற படமும் அவர் கைவண்ணம்தான். ஸ்ட்ரீமிங்ல கேக்கறவங்களுக்கு அந்த புக்லெட் கிடைக்காம போறது பெரிய நஷ்டம், பாட்டுக்குப் பாட்டு மூடு மாறறது அந்தப் படங்களோட சேர்த்துப் பார்த்தா ஒரு பழைய குழந்தைக் கதைப் புஸ்தகம் புரட்டற மாதிரி ஆயிடும்.

---

சுருக்கமா_சொல்லு:

@எல்பி_பெட்டி வினைல் வரிசை விஷயம் நல்ல பாயிண்டு, போட்டுப் பார்க்கறேன். ஆனா ஒண்ணு கேக்கறேன், ரெண்டு வரிசையும் சரியா வருதுன்னா எந்த வரிசையும் அவசியம் இல்லன்னுதானே அர்த்தம்? "தி வால்"ல ஒரு பாட்டை இடம் மாத்துங்க பார்ப்போம், கதையே விழுந்துடும். இங்க கதையே கிடையாது. அதனால அந்த ஒப்பீடே செல்லாது, இது பீட்டில்ஸோட வெள்ளை ஆல்பம் குடும்பம். கையில இருந்ததை எல்லாம் கொட்டிட்டாங்க, அதுல வைரமும் இருக்கு கூழாங்கல்லும் இருக்கு.

மிச்சம் இருந்ததையும் அவங்க விடல தெரியுமா? சிங்கிள்ஸையும் அதோட வந்த பி சைடு எக்ஸ்ட்ரா பாட்டுகளையும் சேர்த்து 1996 கடைசியில அஞ்சு சிடி பெட்டியா "தி ஏரோப்ளேன் ஃப்ளைஸ் ஹை"ன்னு வித்தாங்க. அதுல பாதி கூட பண்ணாத ரிஃப் துண்டுகள் சுமார் எழுபதை ஒட்டி 23 நிமிஷம் ஓடற ஒரு ட்ராக் இருக்கு. யோவ், போதும்யா.

---

கிட்டார்_கிறுக்கன்:

அந்த 23 நிமிஷ ட்ராக்தான் எனக்குப் பிடிச்சதே, ரிஃப் எழுதக் கத்துக்கற பசங்களுக்கு அது ஒரு டியூஷன் சென்டர். சரி விடுங்க.

ஆனா கையில இருந்ததைக் கொட்டினாங்கன்னு சொல்றப்ப ஒண்ணு யோசிங்க. கோர்கன் அப்பவே இந்த மாதிரி ராக் பேண்டா இதுதான் கடைசி ஆட்டம்னு மனசுல வச்சுக்கிட்டுப் பண்ணினாரு, அது நெசமாவே அப்படி ஆகிப்போச்சு. ஆல்பம் 1995 அக்டோபர்ல வந்து நேரா பில்போர்டு நம்பர் 1-ல உட்கார்ந்துச்சு, அவங்களோட ஒரே நம்பர் 1 இதுதான். அரேனா அரேனாவா டூர். 1996 மே மாசம் டப்ளின் ஷோல கூட்டத்துல நசுங்கி 17 வயசுப் பொண்ணு ஒண்ணு செத்துப் போச்சு. ஜூலைல நியூயார்க்ல ஹோட்டல்ல கீபோர்டு வாசிக்கற ஜோனதன் மெல்வாய்ன் ஹெராயின் ஓவர்டோஸ்ல போயிட்டாரு, கூட இருந்தது ஜிம்மி. பேண்டு ஜிம்மிய வெளிய அனுப்பிட்டு வேற ட்ரம்மரை வச்சு டூரை முடிச்சாங்க. இந்த ஆல்பத்துல கேக்கற நாலு பேர் கூட்டணி அவ்வளவுதான், ஒரு வருஷம் கூடத் தாங்கல. பின்னாடி ஜிம்மி திரும்பி வந்தாரு, 2000 கடைசில கலைஞ்சாங்க, மறுபடி சேர்ந்தாங்க, அதெல்லாம் வேற கதை. இந்த நாலு பேர் இந்த வேகத்துல வாசிச்சது இந்த ரெண்டு டிஸ்க்குதான் இருக்குன்னா, அதுல 13 பாட்டை வெட்டுன்னா எனக்கு மனசு வராது. கூழாங்கல்லா இருந்தாலும் இருக்கட்டும் ஜி.

---

ட்ராக்24:

வெள்ளை ஆல்பம் குடும்பம்ங்கறத ஒத்துக்கறேன், கதை இல்லங்கறதும் சரி. கோர்கனுக்கே அதுல ஒரு குறை இருந்திருக்கும் போல, 2022-23ல "ஆட்டம்" (ATUM)னு 33 பாட்டுல மூணு அங்கமா ராக் ஓபரா எடுத்து அதை மெலன் கோலியோட தொடர்ச்சின்னு சொன்னாரு. அதுல கதை இருக்கு. யாராவது முழுசா கேட்டீங்களா? நான் முதல் அங்கத்தோட நின்னுட்டேன். கதை இல்லாதது முப்பது வருஷமா ஓடுது.

@இரவுப்பறவை நீங்க புதுசா ஆரம்பிக்கறதால, தயவுசெஞ்சு ஷஃபிள்ல மட்டும் போடாதீங்க. முதல் டிஸ்க்கை ஒரு நாள், ரெண்டாவதை இன்னொரு நாள். "போர்சலீனா" 9 நிமிஷத்துக்கு மேல ஓடும், ஆரம்பத்துல ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கும், ஸ்கிப் பட்டன்ல கை வைக்காதீங்க.

---

இரவுப்பறவை:

எல்லாருக்கும் மறுபடி நன்றி. சுருக்கமா_சொல்லு சொன்ன 15 பாட்டு லிஸ்ட்டும் வேணும், எல்பி_பெட்டியோட ஆறு பக்க வரிசையும் வேணும், ரெண்டையும் போட்டு கேட்டுட்டு யாரு பக்கம்னு சொல்றேன். "போர்சலீனா" நேத்து ராத்திரி ஸ்கிப் பண்ணாம கேட்டேன், ரெண்டு நிமிஷம் கழிச்சு அந்த ட்ரம்ஸ் உள்ள வந்து விழற இடத்துல வால்யூமைக் குறைக்க மறந்துட்டேன், பக்கத்து ரூம்ல தூங்கிட்டு இருந்த தம்பி வந்து ஹெட்ஃபோன் வாங்கித் தொலைன்னு கத்திட்டுப் போறான். ரெண்டாயிரத்துக்குள்ள ஏதாவது நல்ல ஹெட்ஃபோன் இருந்தா அதையும் சொல்லுங்க.

---

சுருக்கமா_சொல்லு:

லிஸ்ட் போடறேன், ஆனா போட்டதும் கிட்டார்_கிறுக்கன் "லில்லி" எங்கன்னு கேட்டா த்ரெட்டை விட்டே போயிடுவேன்.

---

கிட்டார்_கிறுக்கன்:

"லில்லி" எங்க?